லெம்னோஸ் முத்திரை மண் முதல் ஒரேகான் நீலக் களிமண் வரை: கொல்வது மண்ணா, மண் ஊறிய நீரா?

#1 பழஞ்சரக்கு

"பழங்கால மருத்துவ மண் எல்லாமே கிருமிநாசினிதான்" என்ற வரி திரும்பத் திரும்பப் பகிரப்படுகிறது. அதை அப்படியே விட மனமில்லை. எந்த மண், எப்படித் தயாரித்தது, எதில் குழைத்தது என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஓரளவு நல்ல பதிவு இருக்கிற ஒரு மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

ஏஜியன் கடலில் உள்ள லெம்னோஸ் தீவின் மண் அது. நாணய அளவில் வில்லையாகத் தட்டி, ஒரு பக்கம் முத்திரை குத்தி, காயவைத்து விற்றார்கள். கிரேக்கத்தில் இதற்கு 'ஸ்ஃப்ராகிஸ்', அதாவது முத்திரை என்றே பெயர். அரபு மருத்துவர்களிடம் 'தீன் மக்தூம்', பின்னாளைய ஐரோப்பாவில் 'டெர்ரா சிகில்லாட்டா'. எல்லாமே முத்திரையிட்ட மண் என்ற ஒரே பொருள்தான். போலிச் சரக்கு அப்போதே சந்தையில் இருந்ததால்தான் முத்திரை தேவைப்பட்டது.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டியோஸ்கோரிடீஸ், இந்த மண்ணில் ஆட்டு இரத்தம் கலக்கப்படுகிறது என்று எழுதினார். இரண்டாம் நூற்றாண்டில் இன்னொரு கிரேக்க மருத்துவர் கேலன் அதைச் சரிபார்க்கத் தீவுக்கே போனார். முதல் பயணத்தில் மிரினா என்ற ஊரில் இறங்கிவிட்டார். மண் எடுக்கும் குன்று தீவின் மறுபக்கம், ஹெஃபைஸ்டியாஸ் ஊருக்கு அருகில் இருந்தது. அடுத்த பயணத்தில் குன்றைப் பார்த்தார். எரிந்ததுபோல் செந்நிறம், செடிகொடி எதுவும் இல்லை. இரத்தம் பற்றிக் கேட்டபோது உள்ளூர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். 20,000 வில்லைகளை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அவர் எழுதிவைத்த தயாரிப்பு முறை இது. பெண் பூசாரி அந்த இடத்தில் கோதுமையும் வாற்கோதுமையும் தூவிவிட்டு ஒரு வண்டி மண்ணை ஊருக்கு எடுத்து வருவார். தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்கி, தெளிய விடுவார்கள். மேலே தெளிந்த நீரை இறுத்துவிடுவார்கள். அடியில் தங்கிய கல்லும் மணலும் கழிவு. நடுவில் நிற்கும் கொழகொழப்பான மண்ணை மட்டும் எடுத்து, மெழுகு பதம் வரும்வரை உலர்த்தி, முத்திரை குத்தி, நிழலில் காயவைப்பார்கள்.

இந்த வில்லைக்கு உண்மையிலேயே பாக்டீரியாவைக் கொல்லும் திறன் இருந்ததா? கனிமவியலும் நுண்ணுயிரியலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்லடுக்கு

நல்ல தொடக்கம், ஐயா. முதலில் அந்தத் தெளியவைக்கும் முறை. களிமண் என்று நாங்கள் சொல்வது 2 மைக்ரானுக்கும் குறைந்த துகளை. 20 டிகிரி வெப்பத்தில் 2 மைக்ரான் துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். மணல் சில நொடிகளில் அடியைத் தொட்டுவிடும். ஆகவே நடு அடுக்கை எடுப்பது என்பது குவார்ட்ஸ் மணலை நீக்கி நுண்களியைச் செறிவாக்குவது. மண் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இதே தத்துவத்தில்தான் பிரிக்கிறோம்.

இங்கேதான் சிக்கலும் இருக்கிறது. கொல்லும் திறன் கரையும் உப்புகளில் இருந்தால், மேல்நீரை இறுத்துவிடும்போது அந்தத் திறனும் போய்விடும்.

2008-இல் ஆய்வாளர்கள் ஹாலும் ஃபோட்டோஸ்-ஜோன்ஸும் முன்வைத்த கருத்து, லெம்னோஸ் மண் என்பது களிமண், படிகாரம், ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) மூன்றும் சேர்ந்த சரக்கு என்பது. துவர்ப்புக்கும் கிருமியைத் தடுப்பதற்கும் படிகாரம், செந்நிறத்துக்கு ஹெமடைட், ஒட்டவைப்பதற்கும் உறிஞ்சுவதற்கும் களி. எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. ஆனால் படிகாரம் தண்ணீரில் நன்றாகக் கரையும். மேல்நீரோடு அது எவ்வளவு போயிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் விட்டு நான்கு பங்கை இறுத்தால், கரைந்த உப்பில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே போகிறது. ஒன்றுக்கு ஒன்று கலந்து பாதியை இறுத்தால் பாதி உப்பு மண்ணிலேயே தங்கும். பிறகு நிழலில் காயும்போது மிச்சமிருக்கும் நீர் வில்லையின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும். உப்பு அங்கேயே பூத்து நிற்கும். இறுத்த நீரின் அளவைக் கேலன் எழுதவில்லை. முழுக் கேள்வியும் அந்த ஓர் அளவில் தொங்குகிறது.

#3 அகர்த்தட்டு

கல்லடுக்கு சார் சொன்ன "கரையும் உப்பு" என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. அதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இணையத்தில் வரும் விளக்கம் பெரும்பாலும் "களிமண் பாக்டீரியாவை உறிஞ்சிக் கொல்கிறது" என்று இருக்கிறது. உறிஞ்சுவது வேறு, கொல்வது வேறு.

நவீன ஆராய்ச்சி சூடுபிடித்தது புரூலிப் புண்ணால். மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் உண்டாக்கும் நோய் அது. மைக்கோலாக்டோன் என்ற நச்சு தோலையும் கொழுப்பையும் அரிக்கும். வலியும் பெரிதாகத் தெரியாது. லீன் புருனே த கூர்சூ என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஐவரி கோஸ்டில் இரண்டு வகை பிரெஞ்சுப் பச்சைக் களிமண்ணால் இந்தப் புண்களுக்குக் கட்டுப் போட்டு, அந்தப் பதிவுகளை 2002-இல் உலக சுகாதார நிறுவனத்திடம் கொடுத்தார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லிண்டா வில்லியம்ஸும் ஷெல்லி ஹேடலும் அந்த மண்களைச் சோதித்தார்கள். 2008-இல் வெளிவந்த முடிவைப் பாருங்கள்:

இரண்டும் இரும்பு மிகுந்த களி. கனிமத்தை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்) வரைபடத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். ஒன்று ஈ.கோலை, சால்மொனெல்லா, சூடோமோனாஸ், புரூலிக் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் மரினம் ஆகியவற்றை அடியோடு கொன்றது. மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸைக் கட்டுப்படுத்தியது. மற்றது எதையும் கொல்லவில்லை.

கொல்லும் மண்ணை 550 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். அப்போதும் கொன்றது. ஆகவே அதில் ஒளிந்திருந்த கரிமப் பொருளோ, ஏதோ ஒரு பூஞ்சை சுரந்த ஆன்டிபயாட்டிக்கோ காரணம் அல்ல. அதே மண்ணின் பரிமாற்ற அயனிகளை, அதாவது களியில் தளர்வாக ஒட்டியிருப்பவற்றை, வேறு அயனிகளால் மாற்றிக் கழுவிவிட்டார்கள். கொல்வது நின்றுபோனது. மண் அப்படியே இருக்கிறது, துகள் அதே அளவு, பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். போனது அயனி மட்டும்.

#4 முதுகலை_நுண்ணுயிர்

வணக்கம். எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு இதே தலைப்பை எடுக்கலாமா என்று பார்க்கிறேன். முல்தானி மட்டி, கடையில் கிடைக்கும் பெண்டோனைட், கயோலின் மூன்றையும் டிஸ்க் டிஃப்யூஷன் முறையில் (அகர் தட்டில் வில்லை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வளையம் விழுகிறதா என்று பார்ப்பது) ஸ்டெஃபிலோகாக்கஸுக்கு எதிராகச் சோதிக்கத் திட்டம். சரிவருமா, அகர்த்தட்டு அக்கா?

#5 அகர்த்தட்டு

தலைப்பை எடுங்கள், தம்பி. ஆனால் டிஸ்க் டிஃப்யூஷனை விட்டுவிடுங்கள். களித்துகள் அகருக்குள் ஊடுருவி நகராது, வைத்த இடத்திலேயே நிற்கும். வெளியே போகக்கூடியது அயனி மட்டும். அதையும் முல்லர்-ஹின்டன் அகரில் உள்ள பாஸ்பேட்டும் அமினோ அமிலங்களும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். நல்ல கொல்லும் மண்ணுக்கும் வளையம் விழாது. வளையம் இல்லை, ஆகவே திறன் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். தவறான முடிவு.

ஒளி அடர்த்தி பார்ப்பதும் உதவாது. கலங்கல் தண்ணீரில் எது பாக்டீரியா, எது மண் என்று கருவிக்குத் தெரியாது. காலனி எண்ணுவது ஒன்றே வழி.

மண் தேர்வைப் பற்றிக் கல்லடுக்கு சார் சொல்லட்டும்.

#6 கல்லடுக்கு

முல்தானி மட்டி கால்சியம் மொன்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் மிகுந்த மண், கால்சைட்டும் கலந்திருக்கும். தண்ணீரில் கலக்கினால் பி.எச். (அமில-கார அளவு) பெரும்பாலும் 7-க்கு மேல். அந்த நிலையில் இரும்பும் அலுமினியமும் கரைசலுக்கு வராது. எண்ணெயை இழுக்கும், தோலை உலர்த்தும், அதில் சந்தேகமில்லை. கொல்லும் என்று எதிர்பார்க்க வேதியியல் காரணம் கிடையாது. சோடியம் பெண்டோனைட்டும் காரப் பக்கம்தான். கயோலின் தூய்மையாக இருந்தால் அதிலிருந்து வெளிவர ஒன்றும் இல்லை. மூன்றையும் எடுத்தால் மூன்று பூஜ்யம் கிடைக்கும். ஒப்பீட்டு மண்ணாக வைத்துக்கொள்ள கயோலின் மட்டும் நல்லது.

கொல்லும் மண் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரேகான் நீலக் களிமண்ணைப் பாருங்கள். எரிமலைப் பாறை வெந்நீர் ஊற்றால் அரிக்கப்பட்டு உருவான படிவு. நீலச் சாம்பல் நிறப் பகுதியில் ஸ்மெக்டைட், இல்லைட்-ஸ்மெக்டைட் என்ற அடுக்குக் களிக் கனிமங்கள் இருக்கும், கூடவே பொடிப்பொடியாகப் பைரைட். பைரைட் என்பது இரும்பு சல்ஃபைடு. காற்றும் தண்ணீரும் பட்டால் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்பு 2+ (நீரில் எளிதில் கரையும் இரும்பு அயனி), சல்ஃபேட், அமிலம் மூன்றையும் விடும். அமிலம் களியை அரித்து அலுமினியத்தை வெளியே கொண்டுவரும். ஸ்மெக்டைட் தன் அடுக்குகளுக்கு இடையில் இரும்பைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பைரைட் ஊற்று என்றால் ஸ்மெக்டைட் தொட்டி. அதே படிவில் ஏற்கெனவே காற்றுப் பட்டுச் சிவந்த பகுதிக்கு இந்தத் திறன் இல்லை. நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இப்போது லெம்னோஸ் குன்றின் செந்நிறத்தை நினைத்துப் பாருங்கள். ஹெமடைட்டில் இருப்பது இரும்பு 3+. அது கிட்டத்தட்டக் கரையாது. செம்மண் என்பதாலேயே "இரும்பு இருக்கிறது, ஆகவே கொல்லும்" என்று வாதிட முடியாது.

#7 பழஞ்சரக்கு

கல்லடுக்கு சார், இரும்பு 2+ தான் வேண்டும், அதுவும் அமிலத்தில்தான் வேண்டும் என்பதன் காரணத்தை விளக்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

#8 கல்லடுக்கு

இரும்பு 2+ காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து 3+ ஆகித் துருவாகப் படியும். அந்த வேகம் பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நூறு மடங்கு கூடும். பி.எச். 7-இல் சில நிமிடங்களிலேயே பாதி போய்விடும். 6-இல் மணிக்கணக்கு. 4-க்குக் கீழே மாதக்கணக்கில் நிற்கும். அமிலம் இரும்பைக் காப்பாற்றி வைக்கிறது.

பாக்டீரியாவின் கலத்துக்குள் (செல்லுக்குள்) நடப்பதை அகர்த்தட்டு மேடம் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

#9 அகர்த்தட்டு

2011-இல் வில்லியம்ஸ் குழுவும், 2016-இல் மோரிசன், மிஸ்ரா, வில்லியம்ஸ் ஆகியோரும் காட்டிய படம் சுருக்கமாக இது. அலுமினியம் பாக்டீரியாவின் வெளிச்சவ்வுப் புரதங்களோடு ஒட்டி அவற்றின் மடிப்பைக் கெடுக்கிறது. இரும்பை வெளியே தள்ளும் வாயில்கள் அடைபடுகின்றன. உள்ளே இரும்பு 2+ வெள்ளமாக நுழைகிறது. பாக்டீரியாவுக்கு இரும்பு உணவுதான், ஆனால் சிட்டிகை அளவில். அளவு மீறும்போது கலத்துக்குள் இயல்பாக உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை உண்டாக்குகிறது. அது டி.என்.ஏ., புரதம், சவ்வு எதையும் விடாது. அலுமினியம் கதவைப் பூட்டுகிறது, இரும்பு உள்ளே தீ வைக்கிறது. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அடி விழுவதால்தான் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியும் இதற்கு அடங்குகிறது.

எல்லா மண்ணிலும் இரும்புதான் நாயகன் என்று சொல்ல முடியாது. கொலம்பியாவின் அமேசான் பகுதி மக்கள் பயன்படுத்தும் ஒரு களிமண்ணில் அலுமினியமே முக்கியம் என்று 2017-இல் லண்டோனோ குழு காட்டியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெயில்ட்சுக் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய கிசமீட் களி, மருத்துவமனைகளைப் படுத்தும் கிருமிகளின் 16 திரிபுகளைக் கொன்றதாக 2016-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜூலியன் டேவிஸ் குழு வெளியிட்டது. ஆட்டோவும் ஹேடலும் 2013-இல் ஒரே இடத்து மண்ணின் வெவ்வேறு மாதிரிகளைப் பார்த்தார்கள். கனிமக் கலவை ஒன்றே. கொல்லும் அளவு மட்டும் மாறியது. மாறக் காரணம் இரும்பு, தாமிரம், கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றில் எவ்வளவு கரைந்து வருகிறது என்பதே. அதனால்தான் "இந்த வகைக் களிமண் கொல்லும்" என்று ஒருபோதும் சொல்லக்கூடாது என்கிறேன். இந்த மூட்டை, இந்த நாள், இந்த பி.எச். என்றுதான் சொல்லலாம்.

#10 முதுகலை_நுண்ணுயிர்

அப்படியானால் சோதனையை எப்படி அமைக்க வேண்டும், அக்கா? அளவுகளோடு சொன்னால் வழிகாட்டியிடம் காட்டி அனுமதி வாங்கிவிடுவேன்.

#11 அகர்த்தட்டு

சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

மண்ணை அகேட் அல்லது பீங்கான் கல்வத்தில் பொடியுங்கள். இரும்பு உரல் வேண்டாம், அதிலிருந்தே இரும்பு கலந்துவிடும். பொடித்த உடனே காற்றுப் புகாத குப்பியில் அடையுங்கள். பைரைட் உள்ள மண் பொடியானால் பரப்பு கூடி வேகமாக ஆக்சிஜனேற்றம் அடையும். பொடித்து ஒரு மாதம் திறந்து வைத்த மண்ணும் அன்றைக்குப் பொடித்த மண்ணும் ஒன்றல்ல.

வடிநீருக்கு, அதாவது மண் ஊறி வடித்த நீருக்கு, 2.5 கிராம் மண், 50 மி.லி. காய்ச்சி வடித்த நீர். அதாவது மி.லி.க்கு 50 மி.கி. மூடிய குப்பியில் 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். பிறகு சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்நீரை 0.2 மைக்ரான் வடிகட்டி வழியாக எடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்யாமல் நேராக வடிகட்டினால் முதல் 2 மி.லி.யிலேயே வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வடித்த உடனே பி.எச். பாருங்கள், இரும்பு 2+ அளவை எடுங்கள். இரும்பு 2+ உடன் சேர்ந்து நிறம் தரும் ஆர்த்தோ-ஃபினாந்த்ரோலின் போதும், 510 நானோமீட்டரில் படிக்கலாம். 3+ ஐ 2+ ஆக்கும் ஹைட்ராக்சிலமின் சேர்க்காமல் ஒரு முறை படித்தால் 2+ மட்டும். சேர்த்துப் படித்தால் மொத்த இரும்பு. கழித்தால் 3+. தரக்கரைசலுக்கு 0.702 கிராம் ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட்டை அமிலம் சேர்த்த ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு.

பாக்டீரியாவை வளரும் கட்டத்தில் எடுத்து, 0.85 சதவீத உப்புநீரில் இரண்டு முறை கழுவுங்கள். பாஸ்பேட் பஃபரில் கழுவவே கூடாது. பாஸ்பேட் இரும்பையும் அலுமினியத்தையும் வீழ்படிவாக்கிவிடும். இந்தச் சோதனைகள் ஊரெல்லாம் தோற்கும் இடம் இதுதான். மெக்ஃபர்லாண்ட் 0.5 என்ற தரக் கலங்கல் அளவில் மி.லி.க்கு சுமார் 15 கோடி கலங்கள். அதில் ஒரு பங்கை வடிநீரில் நூறில் ஒன்றாகக் கலந்தால் மி.லி.க்கு பத்து லட்சத்துக்குச் சற்று மேல். 37 டிகிரியில் வைத்து 0, 1, 3, 6, 24 மணி நேரத்தில் எடுத்துப் பத்துப்பத்தாக நீர்த்து, 100 மைக்ரோலிட்டர் பரப்புங்கள். 30-க்கும் 300-க்கும் இடைப்பட்ட காலனி உள்ள தட்டை மட்டும் எண்ணுங்கள். ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போனால்தான் 'கொல்கிறது' என்று எழுதலாம். எண்ணிக்கை கூடாமல் நின்றால் 'தடுக்கிறது', அவ்வளவே.

இரண்டு பொய்த் தோற்றங்கள் வரும். முதலாவது, மண்ணோடு சேர்த்துச் சோதிக்கும்போது கலங்கள் துகளில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை தானாகக் குறையும். ஒரு துகளில் ஐம்பது உயிருள்ள கலம் ஒட்டியிருந்தாலும் தட்டில் ஒரே காலனிதான் வரும். இதைப் பிடிக்க, அதே மண்ணை ஒரு மோலார் கால்சியம் குளோரைடில் மூன்று முறை ஊறவைத்து அயனி மாற்றி, சில்வர் நைட்ரேட் விட்டால் வெள்ளை விழாத வரை கழுவி, அந்த 'வெறும் மண்'ணையும் கூடவே வையுங்கள். அதிலும் எண்ணிக்கை விழுந்தால் அது ஒட்டுதல், சாவு அல்ல. இரண்டாவது, நீர்த்த பிறகும் தட்டோடு வந்துசேரும் வடிநீர் அங்கே வளர்ச்சியைத் தடுக்கும். சுமார் 100 கலங்களை நூறில் ஒன்றாக நீர்த்த வடிநீரில் போட்டு உடனே பரப்பிப் பாருங்கள். 100 காலனி வந்தால் கவலை இல்லை.

பி.எச். ஒப்பீடு கட்டாயம். வடிநீர் 3.5 என்றால் சல்ஃப்யூரிக் அமிலத்தால் அதே 3.5-க்குக் கொண்டுவந்த உப்புநீரும் ஒரு குழாயில் இருக்கட்டும். ஈ.கோலை வளர்ந்து முடிந்த கட்டத்தில் இருந்தால் அந்த அமிலத்தை மணிக்கணக்கில் தாங்கும். வளரும் கட்டத்தில் அவ்வளவு தாங்காது. அதனால் எல்லாக் குழாய்க்கும் ஒரே வளர்ப்பிலிருந்து ஒரே நேரத்தில் எடுங்கள்.

#12 புண்கட்டு

சோதனைக்குழாயில் நடப்பதற்கும் புண்ணில் நடப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தைச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது சர்க்கரைப் புண்ணில் மண்ணைக் குழைத்துப் பூசிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

நாள்பட்ட புண்ணின் பி.எச். 7-இலிருந்து 9 வரை போகும். சீழிலும் இரத்தத்திலும் உள்ள புரதங்கள் இரும்பைக் கவ்விக்கொள்ளும், அமிலத்தைத் தணிக்கும். வடிநீரில் ஆறு மணி நேரத்தில் செத்த கிருமி, புண்ணில் சாகாமல் போகலாம். செறிவு குறைந்தால் அதைவிட மோசம். மேயோ கிளினிக்கில் ராபின் படேல் குழு 2018-இல் இரும்புக் களிமண்ணைப் புண் கிருமிகளிடமும் அவற்றின் உயிர்ப்படலத்திலும் (கிருமிகள் சேர்ந்து ஒட்டி வளரும் படலம்) சோதித்து நல்ல பலன் கண்டது. அதே குழுதான் எல்லாக் களிமண்ணும் உதவாது, சில மண் பாக்டீரியாவை வளர்க்கவும் செய்யும் என்று எச்சரித்தது. இரும்பு குறைந்த அளவில் அவற்றுக்கு உணவு என்று அகர்த்தட்டு மேடம் சொன்னது இதுதான்.

மண்ணில் டெட்டனஸ் ஸ்போர் இருக்கலாம். தொப்புள்கொடியில் மண் வைக்கும் பழக்கம் இருந்த இடங்களில் பச்சிளங்குழந்தைகளுக்கு ரண ஜன்னி வந்தது இதனால்தான். வெயிலில் காயவைப்பதோ கொதிநீர் ஊற்றுவதோ ஸ்போரைக் கொல்லாது. 170 டிகிரி உலர்வெப்பத்தில் ஒரு மணி நேரம், அல்லது 160-இல் இரண்டு மணி நேரம் வேண்டும். அதுவும் மண் ஒரு செ.மீ.க்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பியிருக்க வேண்டும். குவியலாக வைத்தால் வெளியே 170 காட்டும்போது நடுவில் அந்தச் சூடு எட்டியிருக்காது. கடிகாரத்தை நடுமண் சூடேறிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஈயமும் ஆர்செனிக்கும் அடுத்த ஆபத்து. பைரைட் உள்ள இடத்தில் ஆர்செனிக் கூடவே வருவது வழக்கம். வயிற்றுப்போக்குக்குத் தரும் களிமண் மருந்துகளை ஈயத்தின் காரணமாக இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தர வேண்டாம் என்று பிரான்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-இல் அறிவித்தது. சுத்திகரித்த மருந்துக்கே இந்த நிலை.

புரூலிப் புண்ணுக்கு இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ரிஃபாம்பிசினும் கிளாரித்ரோமைசினும் எட்டு வாரம். மண் அல்ல.

#13 பழஞ்சரக்கு

புண்கட்டு டாக்டர் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். நம் பேச்சு ஆராய்ச்சி பற்றியது, வைத்தியக் குறிப்பு அல்ல.

#6-இல் கல்லடுக்கு சார் எழுப்பிய ஹெமடைட் கேள்விக்குத் தொடர்பாக ஒன்று. கேலன் இந்த மண்ணை வெறும் தண்ணீரில் மட்டும் குழைக்கவில்லை. ஆறாத புண்ணுக்கும் பாம்புக்கடிக்கும் காட்டமான வினிகரில் சேறு பதத்துக்குக் கரைத்துப் பூசினார். நோய்க்குத் தக்கபடி ஒயினிலும் தேன் கலந்த வினிகரிலும் கரைத்தார். அமிலத்தில் குழைத்தால் இரும்போ அலுமினியமோ வெளியே வராதா?

உள்ளே கொடுப்பது தனிக் கதை. விஷமுறிவாகத்தான் இந்த மண்ணுக்குப் பெரும்பெயர். லெம்னோஸ் மண்ணுக்குப் போட்டியாக ஐரோப்பாவில் சைலீசியாவின் ஸ்ட்ரீகாவ் மண் வந்தபோது, 1581-இல் ஜெர்மனியில் ஹோஹன்லோஹே பிரபுவின் ஆட்சியில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனுக்குப் பாதரசக் குளோரைடும் கூடவே ஒயினில் கரைத்த அந்த மண்ணும் கொடுத்துச் சோதித்தார்கள். கடும் வேதனைப்பட்டும் அவன் பிழைத்தான். அது விஷத்தைப் பிடித்துவைக்கும் குணத்துக்குச் சான்றாகலாம். பாக்டீரியாவைக் கொல்வதற்கு அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது பல கட்டுரைகளில் நடக்கிறது.

#14 கல்லடுக்கு

வினிகர் நல்ல கேள்வி, ஐயா. அசெட்டிக் அமிலம் களிமண்ணின் ஓரங்களிலிருந்து கொஞ்சம் அலுமினியத்தை எடுக்கும். அசெட்டேட் அதைக் கரைசலில் வைத்திருக்கவும் உதவும். ஹெமடைட்டை அறை வெப்பத்தில் பெரிதாகக் கரைக்காது. கரைந்தாலும் வருவது 3+ தான். மண்ணில் படிகாரம் தங்கியிருந்தால் அது உடனே கரைந்து அலுமினியம் தரும். ஆகவே லெம்னோஸ் மண்ணும் வினிகரும் சேர்ந்த கூட்டை நான் அலுமினிய வழியில்தான் பார்ப்பேன், ஒரேகான் வழியில் அல்ல. அமேசான் களிமண்ணுக்குத்தான் அது உறவு.

#15 அகர்த்தட்டு

ஆனால் வினிகர் தனியாகவே கொல்லும். ஒன்றிலிருந்து மூன்று சதவீத அசெட்டிக் அமிலம் சூடோமோனாஸ் பிடித்த புண்களைக் கழுவ இன்றும் பயன்படுகிறது. வினிகர் மட்டும் உள்ள குழாய் இல்லாமல் "கேலனின் களிம்பு வேலை செய்தது" என்று எழுதினால், பாராட்டு யாருக்குப் போகிறது என்றே தெரியாது. மண் செய்தது வினிகரைப் புண்மேல் வழியவிடாமல் பிடித்துவைத்தது மட்டும்கூட இருக்கலாம். அதுவே பெரிய உதவிதான்.

பாசெல் பல்கலைக்கழக மருந்தக அருங்காட்சியகத்தில் உள்ள பழைய முத்திரை வில்லைகளை ஃபோட்டோஸ்-ஜோன்ஸ் குழு சோதித்து 2017-இல் வெளியிட்டது. சிலவற்றில்தான் பாக்டீரியாவைத் தடுக்கும் திறன் தென்பட்டது, எல்லாவற்றிலும் இல்லை. பழைய சரக்கே ஒன்றுபோல் இல்லை என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டாம்.

#16 முதுகலை_நுண்ணுயிர்

பைரைட் உள்ள மண் நம் பக்கத்தில் எங்கே கிடைக்கும், சார்? ஒரேகானிலிருந்து வரவழைக்க வழி இல்லை.

#17 கல்லடுக்கு

கேரளத்தில் குட்டநாட்டின் 'கரி' நிலம். கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள வயல்கள். பழைய சதுப்புக்காட்டு மண், பைரைட் உண்டு. தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டால் பி.எச். 4-க்கும் கீழே இறங்கும். அதனால்தான் அங்கே சுண்ணாம்பு போட்டு விவசாயம் செய்கிறார்கள்.

உழவு படும் மேல்மண் வேண்டாம். எப்போதும் நீருக்கடியில் இருக்கும், கருஞ்சாம்பல் நிற அடிமண்ணைக் குழாயால் எடுத்து, குழாயின் இரண்டு முனையையும் அங்கேயே அடைத்து, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவாருங்கள். கொஞ்சத்தைத் தட்டில் பரப்பி ஈரம் காயாமல் வைத்து, தினமும் பி.எச். பாருங்கள். ஓரிரு வாரத்தில் 6-இலிருந்து 3-ஐ நோக்கி இறங்கினால் பைரைட் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் அந்த மண்ணில் பைரைட் போதவில்லை, அல்லது சிப்பிச் சுண்ணாம்பு அமிலத்தைத் தின்கிறது, வேறு இடம் பாருங்கள். கரிமப் பொருள் மிகுந்த மண் என்பதால் ஹ்யூமிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைக்கும். வடிநீர் தேநீர் நிறத்தில் வந்தால் இரும்பு அளவைக் கவனித்துப் படியுங்கள், நிறமே ஃபினாந்த்ரோலின் அளவைக் கூட்டிக்காட்டும். வினைப்பொருள் சேர்க்காத வடிநீரையே வெற்றுக் கரைசலாக வைத்துக் கழியுங்கள்.

#18 முதுகலை_நுண்ணுயிர்

ரொம்ப நன்றி, சார். குழாய்களை இப்படி வகுத்திருக்கிறேன்: 1. புது மண் கலங்கல். 2. அயனி மாற்றிய வெறும் மண். 3. வடிநீர். 4. அதே பி.எச். அமில உப்புநீர். 5. அதே பி.எச்.-இல், வடிநீரில் உள்ள அதே அளவு இரும்புக்கு ஃபெரஸ் சல்ஃபேட். 6. வடிநீரோடு இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் சேர்மம்) சேர்த்தது. 7. வெறும் உப்புநீர். 8. மூன்று நாள் திறந்து வைத்த வடிநீர். ஒவ்வொன்றும் மும்மடி. ஏதாவது விட்டுப்போயிற்றா?

#19 அகர்த்தட்டு

நல்ல வகுப்பு. ஒரு குழாய் குறைகிறது. இ.டி.டி.ஏ. தனியாகவே ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தளர்த்தும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடுங்கிவிடும். ஆறாவது குழாயில் கலங்கள் செத்தால் இரும்பா இ.டி.டி.ஏ.வா என்று தெரியாது. நான்காவது குழாயின் அமில உப்புநீரில் அதே அளவு இ.டி.டி.ஏ. போட்டு ஒன்பதாவது குழாயாக வையுங்கள். அளவும் மோலுக்கு மோல் கணக்காக, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த மொத்தத்துக்குச் சமமாக இருக்கட்டும், மிகையாக வேண்டாம். சேர்த்த பிறகு பி.எச். மறுபடி பாருங்கள், மாறியிருக்கும். ஐந்தாவது குழாய்க்கான ஃபெரஸ் சல்ஃபேட் கரைசலைச் சோதனைக்கு ஐந்து நிமிடம் முன்னால் கரையுங்கள். முதல்நாள் கரைத்து வைத்து மஞ்சளாகிவிட்டதைப் பயன்படுத்தினால் எட்டாவது குழாயைத்தான் இரண்டு முறை செய்ததாக ஆகும்.